எந்த ஆசனத்தில் இந்தக் காயம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் நலத்தை நேற்று போனிலேயே தெரிந்துகொண்டேன். அழுதாய், மூக்கைச் சிந்தினாய், நடுவில் யாரோ வாசலில் பெல் அடித்ததும் குரலைச் சரிசெய்துகொண்டு போய்ச் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாய். அதிலேயே நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. உன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று கேட்டாய். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றேன். நீ என்னைப் பெத்தவளா அவளைப் பெத்தவளா என்று கத்தினாய். அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு ஆகாது. நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே புகுவாய், கெஞ்சுவாய், செத்துப்போவேன் என்பாய், எனக்கும் பெற்ற வயிறு இளகிவிடும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது மணிக்கட்டில் போட்டிருந்த கட்டை இப்போதுதான் பிரித்தார்கள், பேனா பிடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கிறது. கை எப்படி உடைந்தது என்று கேட்டபோதெல்லாம் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொல்லி வந்தேன், அது பொய். ஒருவனை அடித்து உடைத்துக்கொண்டேன். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன், முழுதாகப் படி.

வீட்டுச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பார்வை தெளிவாகிவிட்டதால் மின்விசிறியில் தூசி, ஜன்னல் கம்பியில் தூசி என்று நாள் முழுக்க என் உயிரை எடுக்கிறார், முன்பு மாதிரி மங்கலாகவே விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. உன் அக்காவின் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது, கிடைத்தவர்களையெல்லாம் கடிக்கிறாள், மாப்பிள்ளையின் தோள் பூராவும் சல்லடை. மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. உன் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குக் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றப் போய்விடுவார், இத்தனை வருஷத்தில் ஒரு தட்டைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை, ஆகையால் அப்பாவைப் பார்த்து வளர்ந்தேன் என்று யாரிடமும் நீ சொல்ல முடியாது. அன்றைக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நேரம் கழித்துத் திரும்பி வந்து, நம்ம வாசப் பூட்ட மாத்தணும், அவன்கிட்ட ஒரு சாவி இருக்கு என்றார். போய் வாங்கி வந்து அவரே மாட்டினார். அதற்குப் பிறகு உன் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு யோகா பைத்தியம் பிடித்துவிட்டது என்று நீ கேலி செய்வாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். எங்கள் சலவைக்கூடத்துக்கு ஓட்டல் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வரும். ஈர விரிப்பை மெஷினிலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு இஸ்திரி ரோலருக்குக் கொடுத்து மடித்து அடுக்குவதற்குள் இடுப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். வீட்டில் ஒரு ஷிப்டு, இங்கே ஒரு ஷிப்டு, திரும்பிப் போனால் மறுபடி வீட்டில் ஒரு ஷிப்டு. எங்கள் கேட்டுக்கு எதிரே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருத்தி, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனை நிறுத்திக்கொண்டு தூங்குவாள். அவளுக்கும் ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துக்கொள்ள, எங்கேயோ போய் யோகா கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தாள். வேன் டீச்சர் என்று பெயர் வைத்தோம். ஷிப்டு தொடங்கும் முன் துணி மடிக்கும் கூடத்தில் கொஞ்ச நேரம். தலைகீழாக நிற்பது, காலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது, அதெல்லாம் கிடையாது. பிள்ள பெத்தவ வளையறதுக்கு வீட்டுலயே வேல நிறைய இருக்கு, வளைஞ்சத நிமித்துறதுக்குத்தான் நான் என்பாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து முதுகை நீட்டுவது, பூனை மாதிரி கையும் காலும் ஊன்றி முதுகை ஏற்றி இறக்குவது, சுவரில் காலைச் சாய்த்து வைத்துப் படுப்பது, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவிலேயே எனக்கு இடுப்பு திரும்பக் கிடைத்தது, சிடுசிடுப்பு குறைந்தது, அப்பாவே சொன்னார்.

அதைத்தான் உன் மனைவிக்கும் போனில் சொல்லிக்கொடுத்தேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இடுப்பில் கைக்குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு பெரியவள் என்று அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முதுகை நீட்டு, பிள்ளை தூங்கும்போது நீயும் சுவரில் காலை வைத்துப் படு, உன்னை நீ பார்த்துக்கொள்ளவில்லை என்றால் வேறு யார் பார்ப்பார்கள் என்றேன். அவளும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி சரிங்க அத்தை சரிங்க அத்தை என்பாள். ஒருநாள் போனில் படத்தோடு பேசும்போது குழந்தையை மாற்றித் தூக்கினாள், சட்டைக் கை மேலே ஏறியது. மேல்கையில் ஒரு பக்கம் வரிசையாக நீலம், மறுபக்கம் ஒற்றையாக ஒரு நீலம். என்னம்மா அது என்றேன். யோகா பண்ணும்போது இழுத்துக்கிச்சு அத்தை என்றாள். நீ பின்னாலிருந்து வந்து அவள் தோளில் கையைப் போட்டு, அவளுக்கு உடம்பே வளையலம்மா, நீதான் கெடுக்குற என்று சிரித்தாய். நீ கை வைத்ததும் அவள் கழுத்து உள்ளே போனதை நான் பார்த்தேன். பார்த்துப் பண்ணும்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பூனை ஆசனம் செய்தால் இடுப்பு வலிக்கும், சுவரில் காலை வைத்தால் பின்தொடை இழுக்கும். மேல்கையில் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிவது எந்த ஆசனத்தில் என்று வேன் டீச்சர் எனக்குச் சொல்லித்தந்ததே இல்லை. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொண்டேன், என் பிள்ளை அப்படிச் செய்வானா என்று.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் கடைசியாக சவாசனம் உண்டு, செத்தவள் மாதிரி அசையாமல் கிடக்க வேண்டும். தாய்மார்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஒருத்தியின் போன் அடித்தால் அத்தனை தலையும் நிமிரும், தெருவில் யார் வீட்டுக் குழந்தையோ அழுதால் இவளுக உடம்பு தானாக எழுந்து உட்காரும். வேன் டீச்சர் பார்த்துப் பார்த்துச் சலித்து ஒரு சட்டம் போட்டாள். போன் எல்லாம் வாளிக்குள். ரோலரிலிருந்து சூடாக எடுத்த கைத்துண்டை மடித்து ஆளுக்கு ஒன்று கண்மேல் போட்டுவிடுவாள். கூர இடிஞ்சு விழுந்தாலும் நான் கை தட்டுறவரைக்கும் எவளும் துணிய எடுக்கக் கூடாது, இந்தக் கொஞ்ச நேரம் யாருக்கு என்ன ஆனாலும் அது உங்க பொறுப்பில்ல என்றாள். யாருக்கு என்ன ஆனாலும் உன் பொறுப்பில்லை என்று எங்களிடம் அதுவரை யாருமே சொன்னதில்லையடா, கேட்டதும் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து எல்லாரும் செத்துட்டீங்களா என்று கத்தினான், துணிக்கு அடியிலிருந்து ஒருத்தி ஆமா சார் என்றாள், ஒருத்தியும் எழவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

எங்களில் இளையவள் ஒருத்தி, தலையணை உறை மடிப்பவள், ஆள் சின்னதாக இருப்பதால் குருவி என்று கூப்பிடுவோம். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் பால்குடி மறக்கவில்லை. புருஷன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். உனக்கென்ன கேடு யோகாவுக்கு என்று கேட்பானோ என்று பயந்து, வேலை சீக்கிரம் தொடங்குகிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவன் பின்னாலேயே வந்திருக்கிறான். நாங்கள் கண்ணில் துணியோடு கிடக்கிறோம், வெளியே ஒரு லாரிக்காரன் வேனை எடுக்கச் சொல்லி ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறான், வேன் டீச்சர் வண்டியை நகர்த்த ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தில் குருவியின் புருஷன் உள்ளே வந்திருக்கிறான். ஈரத் தலையணை உறையை ரோலரில் விடும் முன் இரண்டு கையாலும் பிடித்து உதறுவோம், பளார் பளார் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டது. யாரோ சீக்கிரம் வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள், மகராசி, இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு மேசைக் கால் தரையில் உரசியது. வேணாங்க என்று யாரோ காதோடு சொல்வதுபோல் சொன்னது கேட்டது. எனக்குக் கேட்டது, என் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கும் கேட்டிருக்கிறது, அவளுக்கு அப்பால் இருந்தவளுக்கும் கேட்டிருக்கிறது, பிறகு பேசிப் பார்த்ததில் கேட்காதவள் ஒருத்திகூட இல்லை. கை தட்டவில்லையே என்று கிடந்தோம். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு கிடந்தோம். என் உள்ளங்காலில் சூடாக ஏதோ தெறித்த பிறகுதான் நான் துணியை எடுத்தேன்.

அவள் முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவள் நெற்றியை மடிப்பு மேசையின் இரும்புக் காலில் மோதிக்கொண்டிருந்தான். ஆத்திரத்தில் குதிக்கவில்லை, கத்தவில்லை. ஆணி அடிக்கிறவன் மாதிரி நிதானமாக, ஒன்று அடித்துப் பார்த்து, அப்புறம் இன்னொன்று. அவள் விரித்துப் படுத்திருந்த வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்பு, ஒரு பல் தனியாகக் கிடந்தது. அவள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை சின்னவனே, தலையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், மேசையைத் தள்ளியிருக்கலாம், அவனைப் பிறாண்டியிருக்கலாம். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஏண்டி கத்தல என்று பிறகு கேட்டோம். எல்லாரும் கண்ண மூடிப் படுத்திருந்தீங்க, எழுப்ப வேணாம்னு இருந்தேங்கா என்றாள். வீட்டில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று அப்படியே பழகிவிட்டதாம். அதைக் கேட்டு வேன் டீச்சர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

மெஷினுக்குள் முறுக்கிக்கொண்ட விரிப்பை இழுக்க எங்களிடம் ஒரு கம்பு உண்டு, மழுமழுவென்று கையில் நன்றாகப் பிடிபடும். அதை எடுத்தேன். முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது, எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. முடியை விட்டுவிட்டுத் திரும்பினான், முட்டியில் அடித்தேன், விழுந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், அவள் தப்பித்துவிட்டாள், மற்றவர்கள் எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டுவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. குப்புறக் கிடந்தவனின் முதுகில் அடித்தேன், விலாவில் அடித்தேன், தவழ்ந்து போனவனைத் தொடர்ந்து போய் அடித்தேன். கம்பு முறிந்தது, முறிந்த துண்டால் அடித்தேன். அதில்தான் மணிக்கட்டு போனது, அப்போது வலிக்கவில்லை. போதும் விடு, செத்துருவான் என்று வேன் டீச்சர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கிறாள், அவளையும் முழங்கையால் இடித்துத் தள்ளியிருக்கிறேன், அவளுக்கு இன்னும் மார்பில் வலி இருக்கிறது. அவன் முகம் எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்தது அவன் பின்னந்தலைதான். அதில் இரட்டைச் சுழி இருந்தது. அவன் முன்தலையிலிருந்து கழுத்துவரை வழுக்கை என்று பிறகு ஸ்டேஷனில்தான் பார்த்தேன். நான் யாரை அடித்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குப் புரிகிறதா? ஒளிக்காமல் எழுதுகிறேன், உன்னைத்தான் அடித்தேன். நான் குளிப்பாட்டித் துவட்டிய உன் இரட்டைச் சுழித் தலையை உடைக்கத்தான் கம்பை ஓங்கினேன்.

மருத்துவமனையில் குருவிக்கு நெற்றியில் தையல் போட்டுக்கொண்டே டாக்டரம்மா எப்படி ஆச்சு என்று கேட்டாள். யோகா பண்ணும்போது விழுந்துட்டேன் என்றாள் குருவி. பல் போன வாயால், உதடு வீங்கி, அத்தனை பேர் பார்த்த பிறகும் அதைச் சொன்னாள். டாக்டரம்மா வேன் டீச்சரைப் பார்த்து நீங்க என்ன யோகாதான் சொல்லித்தர்றீங்க என்று கேட்டாள். யாரோ சிரித்துவிட்டார்கள். உன் மனைவி சொன்னதும் இதுதானே. அதே வார்த்தை, அதே மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு. அங்கேயே நடையில் நின்று, கட்டுப் போடாத கையோடு உன் மனைவியின் கடைக்குப் போன் செய்தேன்.

முதலில் ஒன்றுமில்லை அத்தை, ஒன்றுமில்லை அத்தை என்றாள். நான் குருவியின் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள் என்று சொன்னதும், இருங்க அத்தை, வெளிய வரேன் என்றாள். பிறகு சொன்னாள். ஒரே நாளில் சொல்லவில்லை, தினம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கதவிடுக்கில் அவள் விரலை வைத்து நீ கதவைச் சாத்தினதைச் சொன்னாள், கடையில் ஷட்டர் நசுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தாளாம். கழுத்தெலும்பை நீ உடைத்ததைச் சொன்னாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளை நாற்காலியோடு உதைத்துத் தள்ளினதைச் சொன்னாள், பிள்ளை மேல் படாமல் முழங்கையை ஊன்றி விழுந்தாளாம். பிறகு நீ மண்டியிட்டு அழுவாயாம், ஐஸ்கட்டி எடுத்து வந்து நீயே ஒத்தடம் கொடுப்பாயாம். யோகான்னு சொல்லிடு, அம்மா நம்பிடுவாங்க என்று சொல்லிக்கொடுத்தவனும் நீதானாமே. என் மருமகள் உடம்பு நோகாமல் இருக்கட்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை எடுத்து, நீ உடைத்ததை மூடிப் போர்த்தினாய் பார், அதற்கு உன்னைச் சும்மா விடுவதா?

நேற்று போனில், கோபத்துல தெரியாம கை நீண்டுடுச்சும்மா, இனிமே சத்தியமா தொட மாட்டேன் என்றாய். கேள், நானும் இப்போது அடித்தவள்தான். போலீஸ் என் மேலும் வழக்குப் போட்டிருக்கிறது, வாராவாரம் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறேன், சலவைக்கூடத்தில் என்னை ரோலர் பக்கமே விடாமல் அழுக்குத் துணி பிரிக்கும் மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகையால் அடிக்கிறவன் பேச்சு எனக்கு விளங்காது என்று நினைக்காதே. தெரியாமல் கை நீளாது. எனக்குக் காது அடைத்துப்போனது உண்மை, கண் அடைக்கவில்லை. எங்கே அடித்தால் உடையும், எங்கே அடித்தால் இன்னும் வலிக்கும் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தேன். நீயும் சட்டைக் கை மூடுகிற இடமாகப் பார்த்துத்தானே பிடித்தாய்? முகத்தில் ஒரு கீறல் இல்லையே, அது எப்படி? இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லவே கூசுகிறது. அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் கை வழியாக இறங்கிப் போன மாதிரி அப்படி ஒரு சுகம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது, ஐயோ என்று தோன்றவில்லை. அந்த ருசி தெரிந்த பிறகுதான் உன் சத்தியத்தை நம்பக் கூடாது என்று எனக்குப் புரிந்தது. என்னையே நான் நம்பவில்லை, அடுத்த அறையில் அப்பா இருமினாலும் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னை நம்பி அந்த மூன்று உயிரை எப்படித் திருப்பி அனுப்புவேன்?

அவர்களை அழைத்து வந்தது உன் அக்கா. அவள்மேல் பாயாதே, நான் சொல்லித்தான் வந்தாள். யோகா முகாம் என்று உன் மனைவி உன்னிடம் சொன்னது நான் சொல்லிக்கொடுத்த பொய். நீ கற்றுக்கொடுத்த சாக்கையே உனக்குத் திருப்பிக் கொடுத்தோம். போகும்முன் அங்கேயே டாக்டரிடம் காட்டி எல்லாக் காயத்தையும் எழுதி வாங்கி, போலீசிலும் புகார் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதில் சாட்சியாக என் பெயரும் இருக்கிறது. கோர்ட்டில் நீ எதிரே நின்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். குருவியும் தன் பேச்சை மாற்றிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டாள், பெயின்டர் கையில் கட்டோடு உள்ளே இருக்கிறான். அவளுக்கு நெற்றியில் தழும்பு நிற்கும், கொஞ்சம் மறதியும் இருக்கிறது, உறையை எண்ணிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிடுகிறாள். வகுப்பு மறுபடி நடக்கிறது, கண்ணில் துணி போடுவதில்லை, ஒருத்தி எப்போதும் எழுந்து வாசலில் நிற்கிறாள், முறை வைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் எழுதி நாலு நாள் அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஒருவேளை பிள்ளைகளை மட்டுமாவது நீ வந்து பார்க்கட்டும், அவர்கள்மேல் நீ கை நீட்டியதில்லையே என்று கொஞ்சம் இளகித்தான் இருந்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர்கள் இருக்கும் இடத்துக்கு முந்தாநாள் போனேன். உன் மனைவிக்குச் சுவரில் காலை வைத்துப் படுக்க இடம் பண்ணிக்கொடுத்தேன், விரல் இன்னும் மடங்கவில்லை, மற்றபடி தேறிவிடுவாள். பெரியவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா விளையாட்டுக்கு, பாட்டி உனக்கும் ஒண்ணு சொல்லித்தரேன், அசையாம செத்துப்போன மாதிரி படுக்கணும், யாரு ரொம்ப நேரம் படுக்கறாங்கன்னு பாப்போமா என்றேன். ஐயே, இது எனக்குத் தெரியும் பாட்டி என்றாள். தம்பியை இழுத்துத் தன்னோடு சேர்த்துப் படுக்கவைத்து, அவன் வாய்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் திமிறவில்லை, அவனுக்கும் பழக்கமாகியிருந்தது. இமை ஆடவில்லை, வயிறு ஏறி இறங்கவில்லை, சலவைக்கூடத்தில் எங்களில் எவளுக்கும் அது அப்படி வந்ததில்லை. சிரித்துவிடுவாள், இப்போது சிரித்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, போதும்டி தங்கம், நீதான் ஜெயிச்ச, எழுந்திரு என்றேன். கண்ணைத் திறக்காமல், உதடுகூடச் சரியாக அசையாமல் கேட்டாள், அப்பா போயாச்சா என்று.

போயாச்சு என்று சொல்லிவிட்டேன். என் பேத்தியிடம் நான் சொன்னதைப் பொய்யாக்க வராதே. ஞாபகம் வைத்துக்கொள், வந்தால் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன், என் கை எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே டாக்டர் யாரிடமாவது உன்னைக் காட்டு, போலீஸ் கூப்பிட்டால் ஒளியாமல் போ, கேட்டதற்கு உண்மையைச் சொல். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, அவர்களிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் உண்டு. நீ நல்லபடியாக இரு, நீண்ட நாள் இரு, அங்கேயே இரு.

இப்படிக்கு,
அம்மா